வேகம் தணியும்வரை

சாப்பாட்டு நேரத்தில் யாராவது சத்தம் போட்டால் எனக்குப் பிடிக்காது. வீட்டிலும் அப்படித்தான். மேசையில் உட்கார்ந்து என் கணவர் போனில் உரக்கப் பேசினால், தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவேன்.

என் வாக்குமூலத்தை எழுதுவதற்கு முன் எங்கள் வார்டைப் பற்றி உங்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும், மேடம். சாப்பிடவே மறுப்பவர்களும், கண்மண் தெரியாமல் சாப்பிட்டுவிட்டு வாந்தி எடுப்பவர்களும் தங்கிச் சிகிச்சை பெறும் இடம். நான் அங்கே தலைமை நர்ஸ். யாரையும் கட்டாயப்படுத்தி வைத்திருப்பதில்லை. போக நினைத்தால் போகலாம், போனால் கட்டில் அடுத்தவருக்கு. அதனால் ஒரு பழக்கம் வைத்திருந்தோம். "போறேன்" என்று யார் சொன்னாலும் உடனே பதில் சொல்லக் கூடாது. பக்கத்தில் உட்கார்ந்து வேறு எதையாவது பேசி, வேகம் தணிந்த பிறகு இன்னொரு தடவை கேட்க வேண்டும். அப்போதும் போகிறேன் என்றால்தான் கதவைத் திறப்போம்.

இந்தப் பழக்கத்தால் பிழைத்துக் கிடந்தவள் பட்டாசு. அது நாங்கள் வைத்த பெயர், அவளுக்கும் பிடித்திருந்தது. நினைத்த மாத்திரத்தில் தட்டைத் தள்ளிவிடுவாள், முடியைக் கத்தரித்துக்கொள்வாள், அடுத்த நிமிடமே ஓடி வந்து கட்டிப்பிடிப்பாள். அடிக்கடி பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவாள். நான் உட்கார்ந்து அவள் நகப்பூச்சைப் பற்றி ஏதாவது வம்பளப்பேன். பிறகு, "என்ன, போறியா?" என்று கேட்டால், "யாரு போறேன்னு சொன்னது? நீங்கதான் என்னைத் துரத்தப் பாக்குறீங்க, சிஸ்டர்" என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கும். இப்போதும் அதை நினைத்தால் நெஞ்சு வலிக்கிறது.

அந்தச் சமயத்தில் கட்டிலுக்காக வேறொரு பெண் காத்திருந்தாள். வாயே திறக்க மாட்டாள். அவள் அப்பா வராந்தாவில் உட்கார்ந்திருப்பார், என்னைப் பார்த்ததும் எழுந்து நிற்பார். இப்படிப்பட்ட பெண்கள் சொன்னபடி கேட்டுத் தேறிவிடுவார்கள் என்பது என் எண்ணம். அவசர புத்திக்காரர்கள்தான் சிகிச்சையைப் பாதியில் விட்டுவிட்டுப் போகிறார்கள் என்று எங்கள் டாக்டரே கூட்டத்தில் சொன்னார். அதனால் அவர்களோடு நாம் இன்னும் அதிக நேரம் இருக்க வேண்டும் என்றும் சொன்னார். நான் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பட்டாசின் அம்மா வருவதாக இருந்தது. பஸ் ஏறிவிட்டதாக என்னிடம்தான் போனில் சொன்னார். மதியச் சாப்பாட்டின் நடுவில் அவள் மேசைக்குப் போனேன். அன்று தட்டில் பாதிக்கு மேல் முடித்திருந்தாள்.

"உங்கம்மா வரலையாம். இனிமே வரவே மாட்டாங்களாம்" என்றேன்.

கத்துவாள் என்று நினைத்தேன், கத்தவில்லை. ஸ்பூனை மெதுவாக வைத்துவிட்டு, "நான் போறேன், சிஸ்டர்" என்றாள். பை தயாராக இருந்தது. காலையிலேயே அவள் துணிகளை மடித்து அதில் வைத்திருந்தேன். கதவைத் திறந்தேன். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க எதுவுமே கேக்கலையே?"

"பாத்துப் போம்மா" என்றேன்.

அவள் அம்மா வந்து சேர்ந்தபோது கட்டிலில் புது விரிப்புப் போட்டாகிவிட்டது. "நான் வர்றேன்னு அவகிட்ட சொன்னீங்களா?" என்று கேட்டார். சொன்னேன், கேட்காமல் போய்விட்டாள் என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க என்ன பண்ணுவீங்க, அவ புத்தி அப்படி" என்று அழுதார். நானும் அழுதேன். அது நடிப்பில்லை.

அந்த வாரமே, தோழி ஒருத்தியின் அறையில் அவள் இறந்து கிடந்தாள். உடம்பில் சத்தெல்லாம் வற்றி இதயம் நின்றுவிட்டது என்றார்கள். அந்தக் கட்டிலுக்கு வந்த பேசாத பெண் இப்போது தானாகவே சாப்பிடுகிறாள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

வேலைப் பளுவில், ஏதோ ஒரு நிமிட ஆத்திரத்தில் நான் அப்படிச் சொல்லிவிட்டதாக எழுதலாமா என்று கேட்டீர்கள். என் மேல் இரக்கப்பட்டுத்தான் கேட்கிறீர்கள், புரிகிறது. ஆனால் அப்படி எழுத வேண்டாம், மேடம். அவசரக்காரி அவள்தான். நான் ஒரு வாரம் ஆற அமர யோசித்துத்தான் செய்தேன்.