ஒல்லியான தூண்

இந்த அறையிலும் ஒரு தூண் இருக்கிறது, ஐயா. அதை மறைக்க யாரோ ஒரு காலண்டரை மாட்டியிருக்கிறார்கள். இப்போது தூணும் தெரிகிறது, காலண்டரும் தெரிகிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள். துணிக்கடைக் கண்ணாடிக்குள் நிற்கும் பொம்மைகளை அலங்கரிப்பது என் தொழில். எந்த அறைக்குள் போனாலும் எது உறுத்துகிறதோ, அதில்தான் முதலில் என் கண் விழும். என் மச்சான் விழுந்த கதையை அப்புறம் சொல்கிறேன். தூணிலிருந்து தொடங்கினால்தான் உங்களுக்குப் புரியும்.

வீடு என் மாமனாருடையது. அவர் போன பிறகு கீழ்த்தளம் என் மனைவிக்கு, மேல்தளம் அவள் அண்ணனுக்கு என்று ஆனது. மச்சானுக்கு நெடுநாள் ஆசை ஒன்று இருந்தது, கல்லில் குடைந்த குளியல் தொட்டி. அதில் நான்கு பேர் படுக்கலாம். அவர் ஒருவரே நான்கு பேர் என்பதால் அளவு சரியாகத்தான் இருந்தது. அதைத் தண்ணீரோடு தரை தாங்காது என்று இன்ஜினியர் சொல்லிவிட்டார். அதனால் சுவருக்குச் சுவர் ஓர் இரும்பு உத்தரம், அதன் நடுவில் முட்டுக்கொடுக்க ஓர் இரும்புத் தூண். குளியல் மேலே, தூண் கீழே, எங்கள் ஹாலின் நட்டநடுவில். துருநிறப் பெயின்ட், தலையிலும் காலிலும் கனமான தகடு, பிதுங்கி நிற்கும் போல்ட்டுகள். டிவி பார்க்க என் மனைவி இடப்பக்கம் சாய்வாள், நான் வலப்பக்கம் சாய்வேன்.

மச்சானுக்கு அந்தத் தூணில் அப்படி ஒரு பெருமை. வரும்போதெல்லாம் அதைத் தட்டுவார்.

"மாப்ளே, இது என் காலு. உங்க ஹாலுக்குள்ள நீட்டி வச்சிருக்கேன். பாத்து, மிதிச்சிடாதீங்க" என்பார். விருந்தாளிகள் இருந்துவிட்டால் இன்னும் உற்சாகம் வந்துவிடும். "இவரு பொம்மைக்குப் பாவாட கட்டுறவரு. வீட்டத் தாங்குறது நாந்தான்."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டிருப்பேன்.

இன்ஜினியர் நல்ல மனிதர். இடி இடித்தாலே நடுங்குகிறவள் என் மனைவி என்று தெரிந்துகொண்டு அவளிடம் தனியாகச் சொன்னார். "வீடே ஆடினாலும் கவலப்படாதீங்கம்மா. ஓடி வந்து இதப் புடிச்சுக்கிட்டு நில்லுங்க. இதவிடப் பத்திரமான எடம் இந்த வீட்ல இல்ல." அவள் சின்னப் பிள்ளைபோல் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

தூணை மறைக்கச் சொன்னதும் அவள்தான். தச்சரை வைத்துச் சுற்றிலும் பலகையில் பெட்டி அடித்தேன், உத்தரத்துக்கும் அதே மரத்தில் ஓர் உறை. தகடும் போல்ட்டும் உள்ளே அடங்க வேண்டுமே, பெட்டி பிரிட்ஜ் பருமனுக்கு வந்து நின்றது. அவள் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

"முன்ன ஒல்லியா அசிங்கமா இருந்துச்சு. இப்ப குண்டா அசிங்கமா இருக்கு, எங்க அண்ணனாட்டம்."

விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பொம்மைக்குச் சட்டை தொளதொளவென்று இருந்தால் முதுகுப் பக்கம் இழுத்துக் குண்டூசி குத்திவிடுவோம். சட்டை பற்றவில்லையென்றால் பொம்மையின் கையையே கழற்றி வைத்துவிடுவோம். சட்டைக்கை அழகாகத் தொங்கும். தெருவில் போகிறவர்கள் சட்டையைத்தான் பார்ப்பார்கள், உள்ளே கை இருக்கிறதா என்று யாரும் கேட்டதில்லை.

நான் செய்ததும் அவ்வளவுதான். தொட்டி இன்னும் வந்து சேராத சமயம். மச்சான் வெளியூரில், மனைவி வேலைக்குப் போயிருந்தாள். பலகையைப் பிரித்து, தூணைத் தலையிலும் காலிலும் மெஷின் வைத்து அறுத்து, பழைய இரும்புக்காரரிடம் சேர்த்துவிட்டேன். மேல் தகட்டை உத்தரத்தின் உறை மறைத்தது, கீழ்த் தகட்டுக்கு மேல் ஒரு மரப் பீடம் வைத்தேன். பலகைகளைச் சீவி, இடுப்பு சிறுத்த தூணாகப் பொருத்தினேன். உத்தரம் இம்மிகூட அசையவில்லை. இந்த இன்ஜினியர்கள் ஊரைப் பயமுறுத்தியே பிழைக்கிறார்கள் என்று தோன்றியது.

சாயங்காலம் வந்தவள் அதைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தை வைத்துப் பார்த்தாள். "ஏங்க, அந்தக் குண்டுத் தூணா இது? உங்களுக்குக் கையில என்னமோ இருக்குங்க" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. அந்தப் பார்வைக்காக இன்னும் நாலு தூண் அறுத்திருப்பேன்.

தட்டினால் டொக் டொக்கென்று வெற்றுச் சத்தம்தான் வரும். ஆனால் வெளியே இருப்பது பெட்டி, பெட்டி அப்படித்தான் ஒலிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். இன்ஜினியரே வந்து தட்டினார்.

"தகட்டையெல்லாம் எங்க சார் ஒளிச்சீங்க?"

"தொழில் ரகசியம் சார்."

"உள்ள தூணத் தொடலயே?"

"தொடுவேனா?"

அவர் டீ குடித்துவிட்டுப் போனார்.

தொட்டி வந்த அன்றாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொல்லத்தான் நினைத்தேன். அதற்குள் மச்சான் தூணைத் தட்டி, "மாப்ளே என் காலுக்குக் கால்சட்ட போட்டுட்டாரு" என்றார். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். அன்றுதான் அவருடைய நகைச்சுவைக்கு நான் மனமாரச் சிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் குளியல் என்று அறிவித்தார். சோபாவை ஏன் ஜன்னலோரம் நகர்த்தினேன் என்கிறீர்கள். வெளிச்சத்துக்காக. டிவியையும் மீன் தொட்டியையும் நகர்த்தியது சோபாவுக்குத் துணையாக. மனைவியைக் கடைக்கு அனுப்பியது வீட்டில் சர்க்கரை இல்லை என்பதால். நான் வாசற்படியில் நின்றது காற்று வாங்க. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கிறது, ஐயா. பையை மறந்துவிட்டு அவள் பின்வாசல் வழியாகத் திரும்பி வந்ததற்குத்தான் என்னிடம் காரணம் இல்லை.

மேலே குழாய் நின்றது. மச்சான் பாடிக்கொண்டே தொட்டிக்குள் இறங்கினார். உத்தரம் முனகியது, கூரையிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது. அடுப்பங்கரை வாசலில் அவள் நிற்பதை அப்போதுதான் பார்த்தேன். பின்வாசல் அவளுக்கு இரண்டு எட்டு. அவள் ஹாலுக்குள் ஓடி வந்து தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். ஒரு கையை என் பக்கம் நீட்டினாள்.

"ஏங்க, அங்க நிக்காதீங்க. இங்க வாங்க, தூண்கிட்ட வாங்க!"

'அது வெறும் பலகை, ஓடு' என்று ஒரு வார்த்தை போதும். நேரம் இருந்தது. மறைக்காமல் சொல்கிறேன், நேரம் இருந்தது. வாயைக்கூடத் திறந்தேன். ஆனால் அவள் அந்தத் தூணைப் பிடித்திருந்த விதத்தை நீங்கள் பார்க்கவில்லை. கண்ணாடிக்கு வெளியே எத்தனையோ பேர் என் வேலையைப் பாராட்டியிருக்கிறார்கள், அப்படி ஒருவரும் நம்பியதில்லை. சொன்னால் அந்த முகம் மாறிவிடும். நான் வாயை மூடிக்கொண்டேன்.

மச்சான் தொட்டியோடு இறங்கி வந்தார், படகில் வந்தவர்போல, தலையில் சோப்பு நுரையோடு. தோள்பட்டை எலும்பு முறிந்ததோடு சரி. "தங்கச்சி எங்க?" என்றுதான் முதலில் கேட்டார். அவரிடமிருந்து அதை நான் எதிர்பார்க்கவில்லை. மீன்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை, யாராவது தீனி போட்டால் தேவலை.

அவள்மேல் எனக்கு உயிர். கொலை என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் விட்டுவிடாமல் சேர்த்துக்கொள்ளுங்கள், ஐயா. கடைசிவரை அவள் அதைத் தூண் என்றே நம்பினாள்.