துண்டு போட்டுப் பிடித்த சீட்

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற பஸ். வெளியே சாரல். என் முன் சீட்டில் நாவலும் கையுமாக இருந்த பெண், பக்கத்திலிருந்த தன் அண்ணன் மனைவியிடம் திடீரென்று சொன்னாள்:

"செத்த பொறவும் இவன் பஸ் ஏற மாட்டேங்கான் மைனி."

"செத்தவனுக்கு என்னத்துக்குட்டி பஸ்?"

"இந்தக் கதையில மேலோகத்துக்கு பஸ்லதான் போணுமாம். பொண்டாட்டியும் வரட்டும்னு, வார பஸ்ஸ எல்லாம் விட்டுட்டு ஸ்டாண்டுலயே நிக்கான். எனக்கு அழுகையா வருது."

"ஒங்க அண்ணன்னா நிக்க மாட்டாக. பஸ் நிக்கதுக்கு முன்னாடியே ஓடிப்போயி சன்னல் வழியா துண்டப் போட்டு எடம் பிடிப்பாகளே."

"ஒருக்கா செங்கோட்டை பஸ்ல மாத்திப் போட்டுட்டு, துண்டும் அதோட போச்சே!"

இரண்டு பேரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். நாவல் கீழே விழுந்தது. குனிந்து எடுத்தவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அண்ணன் போனதுக்குப் பொறவு இன்னைக்குத்தான் மைனி நீங்க சிரிக்கிய."

மைனி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அங்கனயும் எனக்கு சன்னலோரமா துண்டு போட்டு வச்சிருப்பாக. கெடக்கட்டும். நான் இன்னும் நெறைய சீசன் அருவியில குளிச்சிட்டு, மெதுவா வாரேன்."