கடைசிப் படகு

சிராங்கூன் சாலை பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் ஓர் அம்மாள் காய்கறிக் கூடையைப் பக்கத்து இடத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய கணவர் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டு வந்தார்.

"நம்மள அடைச்சு வச்சாங்களே, அந்தத் தீவுக்கு மறுபடி ஒருநாள் போவணுங்க" என்றார் அந்த அம்மாள்.

நான் படித்துக்கொண்டிருந்த பேப்பரை மடித்தேன்.

"கப்பல்ல வந்தப்ப, அம்மை இருக்கான்னு பார்க்க வச்சிருந்தாங்களே, அங்கயா? அங்க யாராச்சும் ஓய்வுக்குப் போவாங்களா?" என்றார் கணவர்.

"அங்கதாங்க நாள் பூரா என் பக்கத்துல உட்கார்ந்து கடலைப் பார்த்தீங்க. இங்க வந்து இறங்கினதுலேர்ந்து கடைதான்."

சிங்கப்பூரில் அந்தத் தீவுக்கு ஏங்கிய ஆளை நான் அன்றுதான் பார்த்தேன்.

கணவர் கம்பியைக் கை மாற்றிப் பிடித்தார். பிறகு, "அங்க விடமாட்டாங்க. பக்கத்துல ஆமைத் தீவு இருக்கு. சீனக் கோயில் இருக்கு, மேட்டு மேல மலாய்க்காரங்க தர்கா இருக்கு. ஞாயித்துக்கிழமை போலாம்" என்றார்.

"கடை?"

"பூட்டிடலாம்."

"போனதும் கிளம்பணும்பீங்க."

"கடைசிப் படகு இருக்குல்ல, அதுல வருவோம்."

அந்த அம்மாள் கூடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். இறங்கும் இடம் நெருங்கிவிட்டது. கணவர் மணியை அடித்துவிட்டு, மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தார்.