கறுப்புக் காரும் காஞ்ச துணியும்

இருங்க, இருங்க... ஹெச்.எம். அம்மா கடிகாரத்தைப் பாக்குறாங்க. அவங்க மணி அடிக்கிறதுக்குள்ள ஒரு சின்னக் கதையைச் சொல்லிட்டு உக்காந்துடுறேன். பெத்தவங்க மட்டும்தானே வந்திருக்கீங்க? நல்லது... புள்ளைங்க இல்லாதப்போ சொல்ல வேண்டிய கதைதான் இது.

அரியலூர்ல கலியமூர்த்தின்னு ஒருத்தர். பைப், மோட்டார் சாமான் விக்கிற கடை. ஆசை ஆசையா ஒரு காரு வாங்குனாரு. என்ன கலரு? கறுப்பு! சுண்ணாம்புக்கல் லாரி ஓயாம ஓடுற ஊர்ல... கறுப்பு! தெருவே சிரிச்சுது. மனுஷன் அசரலையே!

அவரு காரைத் தொடைக்கிற அழகைப் பாக்கணும்ங்க. வெயில் ஏறுறதுக்கு முன்னாடி, மொதல்ல வெறும் தண்ணி. மேலேருந்து கீழ, மெதுவா... தூசி தானா ஊறி ஓடணும். அப்புறம்தான் ஷாம்பு. ரெண்டு பக்கெட்டு... ஒண்ணு நுரைக்கு, ஒண்ணு துணியை அலச. பஞ்சு மாதிரி துணி, அழுத்தாம நேரா இழுப்பாரு. பச்சப்புள்ளையைக் குளிப்பாட்டுற மாதிரி! சொந்தப் புள்ளையை அப்படிக் குளிப்பாட்டுனாரான்னு மட்டும் கேக்காதீங்க...

அவருக்கு ஒரே பொண்ணு, பிரதீபா. பிளஸ் டூ. சாயங்காலம் அஞ்சேகாலுக்கு வீட்டுக்கு வர்ற பொண்ணு, மூணு வாரமா ஆறு மணிக்கு வருது. ஆறேகாலுக்கு வருது. அன்னைக்கு ஆறரை! மூஞ்சி பேயறைஞ்ச மாதிரி இருக்கு. செருப்பைக் கூட கழட்டல...

"ஏன் லேட்டு?"

பையை இறுக்கிப் பிடிச்சுக்குது.

"போனை ஏன் எடுக்கல? யாரு கூட சுத்திட்டு வர்ற? பையைக் காட்டு! வாயில என்ன கொழுக்கட்டையா?"

கண்ணு மட்டும் கலங்குது. அவருக்கு இன்னும் ஏறிப்போச்சு.

"போதும்! நாளையிலேருந்து நீ ஸ்கூலுக்கே போக வேண்டாம்!"

அந்தப் பொண்ணு என்ன பண்ணுச்சு தெரியுமா? அழல. கதவைச் சாத்திக்கல. திரும்பி வாசலுக்கு வந்துச்சு. கொடியில காஞ்ச துணி ஒண்ணை எடுத்துச்சு. நேரா காருக்கிட்ட போச்சு. பானெட் மேல லாரி கெளப்புன வெள்ளைத் தூசி படிஞ்சு கெடக்கு. துணியை வச்சு... அழுத்தி... ஒரே இழுப்பு!

"ஏய்ய்... தொடாத! தொடாதம்மா! கீறிடும்!"

"ஏம்ப்பா? தூசிதானே? தொடைச்சா போயிடாதா?"

"அது தூசியில்லடி, பொடிக்கல்லு! காஞ்ச துணியால தேய்ச்சா பெயிண்டையே அறுத்துடும்! மொதல்ல தண்ணி விடணும்... ஊற விடணும்... அப்புறம்தான்..."

சொல்லச் சொல்ல குரல் எறங்குது. பாதியில நிக்குது.

"காருன்னா எப்படித் தொடணும்னு தெரியுதேப்பா உங்களுக்கு..."

மனுஷன் கீறலைப் பாத்தாரு. பொண்ணைப் பாத்தாரு... உள்ள போனாரு. ஒரு சொம்பு தண்ணியோட வந்தாரு.

"குடிம்மா. மதியம் சாப்பிட்டியா?"

அவ்வளவுதான்! உடைஞ்சுபோச்சு அந்தப் புள்ள. மூணு வாரமா பஸ் ஸ்டாண்டுலேருந்து ரெண்டு பேரு பைக்குல பின்னாடியே வர்றானுங்க. அதனால ரெண்டு ஸ்டாப்பு முன்னாடியே எறங்கி, சந்து சந்தா சுத்தி, ஒளிஞ்சு ஒளிஞ்சு வீடு வந்திருக்கு.

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா... ஸ்கூலை நிறுத்திடுவீங்கன்னுதான்ப்பா..."

அஞ்சு நிமிஷம் முன்னாடி அவரு சொன்னது என்ன? அதையேதானே!

மறுநாளே அவளைக் கூட்டிக்கிட்டு போலீஸ் ஸ்டேஷன் போனாரு. இன்னைக்கும் அந்தக் கறுப்புக் காரு சாயங்காலமானா பஸ் ஸ்டாண்டுத் தூசியில நிக்குது. பானெட்டுல ஒரு கீறல் இருக்கு. மெக்கானிக்கு, "பாலிஷ் போட்டா போயிடும்ண்ணே"ங்குறான். இவரு, "இருக்கட்டும்ப்பா, எனக்கு அது வேணும்"ங்குறாரு.

அம்மாமாரே, அப்பாமாரே... ஊர்த் தூசியெல்லாம் ஒட்டிக்கிட்டுத்தான் உங்க புள்ளையும் வீட்டுக்கு வருது. நாம கேக்குற கேள்வி தப்பில்ல. கேட்டுத்தான் ஆகணும். ஆனா வாசல்லயே, காஞ்ச துணியோட நின்னு கேக்குறோம் பாருங்க... அங்கதான் கீறல் விழுது. மொதல்ல தண்ணி. ஒரு வாய்ச் சோறு. பக்கத்துல உக்காருங்க. ஊறட்டும்... அதுவா பேசும்.

இப்போ மணி நாலு. இன்னும் ஒரு மணி நேரத்துல உங்க புள்ள வந்து வீட்டுக் கதவைத் தட்டும். தொறக்கப்போறது நீங்கதான்... கையில என்ன இருக்கும்?