வலதுகாலுக்கு வரவேண்டியது

சேதுபதி வாத்தியாருதான் தம்பி காரணம்! நீ என் கால மிதிச்சதுக்கு ஒன்னைய ஒண்ணுஞ் சொல்லக் கூடாது. டவுன் பஸ்ஸுன்னா மிதிக்கத்தான் செய்வாக. எங்கால்ல செருப்பு கெடந்தா இம்புட்டு வலிக்குமா? ஏன் வெறுங்காலுங்கியா? அதத்தான சொல்ல வாரேன்... உக்காரு, உக்காரு. ஸ்ரீவில்லிபுத்தூருக்குத்தான? நேரங்கெடக்கு.

நான் ஆவுடையப்பன். ராஜபாளையத்துல பேண்டேஜ் துணி மடிக்கிற வேல. எம்பேத்தி வெள்ளைத்தாயி ஆறாங் கிளாஸ் படிக்கையில, அந்தக் கிளாஸ் பூராத்தையும் மெட்ராசுக்குக் கூட்டிட்டுப் போயி டிவி ஸ்டேஷன்ல உக்கார வைக்கப் போறாகன்னு சேதி. அங்க பாடுனா அந்த நிமிசமே இங்க நம்ம தெருவுல தெரியுமாம்! பிள்ளைகளப் பாத்துக்கிட ஒரு பெரிய ஆளு வேணும்னு சேதுபதி வாத்தியாருதான் வந்து கூப்பிட்டாரு. நானா கேட்டேன்? தெனம் சாயங்காலம் ரெண்டு பேரும் ஒரே பெஞ்சுல டீ குடிக்கிற ஆளுக. மாட்டேன்னா சொல்ல முடியும்?

அதுக்குன்னு புதுச் செருப்பு எடுத்தேன். டிவில காலு தெரியுமோ தெரியாதோ, நாம என்னத்தக் கண்டோம்! நல்ல தோலு. நடந்தா கறக் கறக்குன்னு சத்தம். ரயில்ல பூராப் பேரும் திரும்பிப் பாத்தாகன்னா பாத்துக்கோயேன்.

அங்க போனா, உள்ள தூசி ஆகாது, எல்லாரும் செருப்பக் கழட்டணுமாம். டிவிக்காரன் சொன்னான். அத எங்கிட்ட வந்து சொன்னது யாரு? சேதுபதி! பிள்ளைக வாசல்லயே கழட்டி வீசிட்டு ஓடுதுக. நான் வெவரமானவன்லா? ஸ்ரீவில்லிபுத்தூரு மடவார் வளாகம் கோயிலுக்குப் போனா எப்பவும் எடதுகால் செருப்ப வாசல்ல போடுவேன், வலதுகால் செருப்ப மரத்துக்குப் பின்னால போடுவேன். ஒத்தைய எவன் களவாங்குவான்? ஒரு நாளும் போனதில்ல. அதே கணக்குல இங்கயும் ஒண்ணு வாசல்ல, ஒண்ணு படிக்கட்டுப் பக்கம் பூந்தொட்டிக்குப் பின்னால. "அண்ணாச்சி, சேத்தே வைங்க. இங்க யாரு எடுக்கப் போறா?"ன்னாரு வாத்தியாரு. மெட்ராச நம்புத ஆளப் பாரேன்!

உள்ள ஒரே குளிரு. லைட்டு கண்ணக் குத்துது. ஒருத்தன் கையத் தூக்குனா நாம கைதட்டணுமாம், எறக்குனா நிப்பாட்டணுமாம். இதுக்கு ஒரு சம்பளம்! எம்பேத்தி எந்திரிச்சுப் பாடுதா... என்னமாப் பாடுதா! ஊர்ல எங்க வீட்டுக்காரி மாரியாத்தா, அவ அண்ணன், தம்பி, தெருவே டிவி முன்னால கூடிக் கெடக்கு. அந்த நேரம் பாத்து எவனோ கதவ லேசாத் தெறந்தான். சந்துல பாக்கேன்... ஒரு அம்மா வெளக்கமாத்தத் தூக்கிட்டு பூந்தொட்டிப் பக்கம் போகுது!

சும்மா இருக்க முடியுமா? எந்திரிச்சு, "ஏத்தா! அங்கன கூட்டாத! எஞ்செருப்பு கெடக்கு!"ன்னு ஒரு சத்தம். அம்புட்டுத்தான். காமிராக்காரன் பேத்திய விட்டுட்டு என்னையக் காட்டிட்டான். பேத்தி சிரிக்கா, பிள்ளைக சிரிக்குதுக, அந்தாளு கையத் தூக்காமயே எல்லாரும் கைதட்டுதாக! நான் ஊருக்கு வரதுக்கு முன்னாலயே எம்பேரு 'செருப்புத் தாத்தா'ன்னு ஆயிப்போச்சு.

வெளிய வந்தா பிள்ளைக செருப்பு ஒண்ணு கொறையாமக் கெடக்கு. என் எடதுகாலும் கெடக்கு. நான் போட்ட சத்தம் ஊருக்கே கேட்டுருக்கு, அந்தக் கூட்டுற அம்மாவுக்குக் கேக்கல. தொட்டிக்குப் பின்னால கெடந்தத, ஒத்தைதான, வேண்டாதது போலன்னு அந்தம்மா குப்பையோட வாரிட்டுப் போயிருச்சு. வாத்தியாரு என்ன செஞ்சாரு தெரியுமா? தஞ்செருப்பக் கழட்டி எனக்குக் குடுத்துட்டு, கொதிக்கிற தார் ரோட்டுல துள்ளித் துள்ளி நடந்தாரு. வாத்தியாரு செருப்பப் போடலாமா? பாவம்லா! கையில பிடிச்சுக்கிட்டு நானும் கூடவே துள்ளுனேன்.

இருந்தாலும் கூப்பிட்டது அவரு. கழட்டச் சொன்னது அவரு. வலதுகால் செருப்ப அவருதான தரணும்? தார வரைக்கும் செருப்பும் கெடையாது, பேச்சும் கெடையாதுன்னுட்டேன். பேத்தி பத்தாங் கிளாஸே முடிச்சுட்டா, இன்னும் பேசல. போன வாரம் அவரு மக கல்யாணப் பத்திரிகையோட ஒரு செருப்புப் பெட்டியும் குடுத்துவிட்டாரு. தெறந்தா... ஒரு ஜோடி! எனக்கு வரவேண்டியது ஒண்ணு. ரெண்டா வாங்குனா ஒண்ணுக்கு நான்லா கடங்காரன்? திருப்பி அனுப்பிட்டேன்.

கல்யாணத்துக்குத்தான் போறேன். மடவார் வளாகம் கோயில்ல. தனியா உக்காந்து குடிச்சா டீ எறங்க மாட்டேங்குது தம்பி... ஆனா நானாப் பேச மாட்டேன். சாப்பிடவும் மாட்டேன். பாயாசம் மட்டும். அவரா முன்னால வந்து வலதுகால் செருப்ப ஒத்தையா நீட்டட்டும், அப்பப் பேசுதேன். இந்தப் பையா? இதுல என் எடதுகால் இருக்கு. அவரு குடுத்தா ஜோடி சேக்கணும்லா!

எங்க எந்திரிக்க? ஸ்ரீவில்லிபுத்தூரு இன்னும் வரலையே... ஏ தம்பி, பையத் தாண்டாத, மாட்டிக்கிடும்! கண்டக்டரே, விசில் குடுக்காதீக, ஒரு ஆளு எறங்குது... எறங்கிட்டான். ஏ தம்பி! ஒஞ்செருப்பு வார் அறுந்து இங்க கெடக்கு! திரும்பிப் பாக்கானா பாரு. ஒத்தைச் செருப்போட எப்படி ஓடுதான்!

எந்தக் காலு இது? எடுத்துப் பாப்போம்...

சே! இதுவும் எடதுகாலு.