படத்துக்குக் கீழே நாலு வரி

வானம் ஏன் நீலமாக இருக்கிறது என்று கேட்காத குழந்தை கிடையாது, மேடம். பதில் முடியும்வரை உட்கார்ந்திருந்த குழந்தையும் கிடையாது. பெரியவர்கள் இன்னும் மோசம், அவர்கள் கேட்பதே இல்லை. படத்தைப் பார்த்து "ஆகா" என்பார்கள், பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள். அந்த "ஆகா"வுக்கும் பக்கம் திரும்புவதற்கும் இடையில் இரண்டு நொடி இருக்கிறதல்லவா, அதற்குள்தான் நான் பதினேழு வருடமாக எழுதிக்கொண்டிருந்தேன்.

டைப் அடிக்கிற தம்பியைக் கொஞ்சம் மெதுவாகவே போகச் சொல்லுங்கள். எனக்கு அவசரம் இல்லை. பிழை வந்தால்தான் மனசு கேட்காது.

எனக்கு வானிலை நிலையத்தில் வேலை. மழைமானியில் எத்தனை மில்லிமீட்டர் என்று பார்ப்பது, காற்று எந்தப் பக்கம் என்று குறிப்பது, மேகம் எந்த ஜாதி என்று எழுதுவது. அலுவலகத்தில் என்னை 'அகராதி' என்று கூப்பிடுவார்கள். எல்லாம் தெரிந்தவன் என்ற அர்த்தத்தில்தான் கூப்பிடுகிறார்கள் என்று பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன்.

என் தங்கையைக் கட்டியவர் புகைப்படக்காரர். பாஸ்போர்ட் படம், கல்யாணப் படம் என்று ஓடிக்கொண்டிருந்த கடை. ஒருநாள் மதியம் கடை வாசலில் நின்று சூரியனைச் சுற்றி ஒரு பெரிய வெள்ளை வட்டம் இருப்பதைப் பார்த்துப் படம் எடுத்தார். அதை வார இதழ் ஆசிரியரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். "நல்லாத்தான்யா இருக்கு. ஆனா இது என்ன?" என்று ஆசிரியர் கேட்டிருக்கிறார். மாப்பிள்ளைக்குத் தெரியவில்லை. "எங்க மச்சானுக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு வந்தார். ஆரம்பம் அப்படித்தான்.

அந்த வட்டத்துக்கு நாற்பது வரி எழுதினேன். ரொம்ப உயரத்தில் இருக்கிற மெல்லிய மேகத்தில் ஆறு பக்கம் கொண்ட பனித்துகள்கள் மிதக்கின்றன, வெயில் அவற்றுக்குள் நுழைந்து வளைந்து வெளியே வருகிறது, அதனால் வட்டம். கையை நீட்டிக் கட்டைவிரலால் சூரியனை மறைத்துக்கொண்டால், விரித்த சுண்டுவிரலின் நுனி அந்த வட்டத்தைத் தொடும். எவ்வளவு அழகான விஷயம். வானத்தில் இருக்கிற ஒன்றை ஒரு சாண் கையால் அளந்துவிடலாம். எத்தனை பேர் அளந்து பார்த்தார்கள் என்று தெரியாது. படம் நன்றாக இருந்தது என்று முப்பத்திரண்டு கடிதம் வந்தது.

பிறகு வாராவாரம் ஒரு படம், ஒரு விளக்கம். தட்டுகளை அடுக்கியது போன்ற மேகம், கானல்நீர், தூண் தூணாக நிற்கும் எரிமலைப் பாறை, அடிவானத்தில் நசுங்கின சூரியன். படம் பெரிதாகப் பெரிதாக நான் வற்றிக்கொண்டே வந்தேன். நாற்பது வரி இருபதாயிற்று, இருபது எட்டாயிற்று. கடைசியில் நாலு வரியில் வந்து நின்றது. ஆசிரியர் நல்ல மனிதர். ஒவ்வொரு தடவை வெட்டும்போதும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் வெட்டினார்.

இதற்காகவெல்லாம் ஒரு மனிதனுக்குக் கோபம் வருமா? எனக்கு வரவில்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

மாப்பிள்ளைக்கு இன்னொரு திறமை இருந்தது. பேச்சு. கண்காட்சி வைத்தால் கூட்டம் அம்மும். சினிமாக்காரர் மாதிரி தோள்வரை முடி, அதை ஒரு கையால் கோதிக்கொண்டே பேசுவார். வெடித்துக் கிடக்கும் குளத்து மண்ணின் படத்துக்கு முன்னால் நின்று, "இது ஒண்ணுமில்லைங்க, பூமிக்கு வந்த பித்தவெடிப்பு" என்றார். கூட்டம் கைதட்டியது. ஈரம் காயும்போது மண் சுருங்குவதையும், அந்த இழுவிசை விரிசல்களாகப் பிரிவதையும் சொல்ல நான் பக்கத்திலேயே தயாராக நின்றுகொண்டிருந்தேன். ஒரு பெண்மணி என்னைப் பார்த்து, "கொஞ்சம் நகர்ந்துக்கிறீங்களா, படம் மறைக்குது" என்றார். நகர்ந்துகொண்டேன். பித்தவெடிப்பு என்பது நல்ல உவமைதான். நான் நியாயமானவன்.

அப்புறம் அவர் படங்களைப் புத்தகமாகப் போட்டார்கள். என் தங்கை வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் சொன்னார்.

"மச்சான், விளக்கம் போட்டா பாடப்புத்தகம் மாதிரி இருக்குதாம். பதிப்பாளர் வேண்டாங்கிறாரு."

"சரி மாப்பிள்ளை."

"கோவிச்சுக்காதீங்க. கடைசிப் பக்கத்துல நன்றின்னு உங்க பேரைப் போட்டிருக்கேன்."

போட்டிருந்தார், எழுத்துப்பிழையோடு. என் தங்கை கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். நான் இரண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். கோபக்காரன் இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிடுவானா?

எனக்கு உறுத்தியது ஒரே ஒரு விஷயம்தான். தொலைக்காட்சிப் பேட்டியில் அவரிடம் மின்னல் படங்களைப் பற்றிக் கேட்டார்கள். "பயமா இருக்காதா சார்?" அவர் முடியைக் கோதிக்கொண்டு, காலைத் தூக்கிக் காட்டினார். "ரப்பர் செருப்பு. இது கால்ல இருந்தா மின்னல் கிட்டயே வராது."

அன்றைக்கே போன் செய்தேன். "மாப்பிள்ளை, அது தப்பு. மேகத்துல இருந்து தரை வரைக்கும் காத்தையே கிழிச்சிக்கிட்டு வர்ற மின்னலுக்கு ஒரு விரல் கனம் ரப்பர் எந்த மூலைக்கு? யாராவது நம்பி வெளியில நிப்பாங்க."

"விடுங்க மச்சான். கேக்குறவங்களுக்குத் தைரியமா இருந்துச்சுல்ல?"

தப்பான விளக்கம் ஆளைக் கொல்லும், மேடம். இதைத்தான் நான் பதினேழு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் பதினான்காம் தேதி, மதியம் இரண்டு மணி. நிலையத்தின் மாடியிலிருந்து பார்த்தேன். மேற்கே ஒரு மேகம் எழும்பிக்கொண்டிருந்தது. அடி கருப்பு, உச்சி தட்டை, கொல்லன் இரும்பை வைத்து அடிக்கிற அடைகல் மாதிரி. மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன். "பாறைமேட்டு உச்சியில நின்னா முழுசாக் கிடைக்கும். இப்படி ஒண்ணு மறுபடி எப்ப வருமோ" என்றேன். இரண்டும் உண்மை. என் வாயிலிருந்து தப்பான தகவல் போகாது.

மூன்றேகாலுக்கு மேலே இருந்தோம். மொட்டைப் பாறை. மரம் இல்லை, கம்பம் இல்லை. உச்சியில் அவர் இரும்பு ஸ்டாண்டை நிறுத்திக் கேமராவைப் பொருத்தினார். காலில் அந்த ரப்பர் செருப்புதான். எனக்கு முழங்கால் வலிக்கிறது என்று சொல்லிவிட்டு முப்பது அடி கீழே ஒரு பள்ளத்தில் குந்தி உட்கார்ந்தேன். இரண்டு குதிகாலையும் ஒட்டி வைத்து, தலையைத் தாழ்த்தி. வயதானவர் அப்படி உட்கார்ந்தால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

முதலில் ஸ்டாண்ட் பாட ஆரம்பித்தது. டப்பாவுக்குள் வண்டை அடைத்தது போல ஒரு ரீங்காரம். பிறகு அவருடைய முடி. தோளிலிருந்து ஒவ்வொன்றாக எழும்பி, தலையைச் சுற்றி நேராக விறைத்து நின்றது. என் தலை வழுக்கை. இயற்கை எனக்கு அந்த வகையில் செய்தி அனுப்ப வழியில்லை. ஆனால் முழங்கை ரோமம் எழுந்து நின்றது. நான் பார்த்தேன்.

"மச்சான், என்னைப் பாருங்க, முள்ளம்பன்றி!" சிரிக்கிறார். "சீக்கிரம், உங்க போன்ல எடுங்க!"

எடுத்தேன். ஆறு படம். முதலாவதுக்கும் ஆறாவதுக்கும் நடுவில் நாற்பத்தொரு நொடி என்று நீங்கள் சொன்னது சரி. நானும் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

அடுத்தது மின்னல். அதை விவரிக்க வேண்டாம். வெளிச்சமும் சத்தமும் ஒன்றாக வந்தன, அவ்வளவுதான்.

கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் பாதுகாப்பான இடத்தை விட்டு எழக்கூடாது என்பது விதி. நான் விதியை மீறவில்லை. அதற்குப் பிறகுதான் மேலே ஏறினேன். மின்னல் பட்டவரைத் தொட்டால் நமக்கு ஷாக் அடிக்காது, உடனே மார்பை அழுத்திக்கொண்டே இருந்தால் பல பேர் பிழைத்துக்கொள்வார்கள். இதையும் ஒரு தடவை எழுதியிருந்தேன். இடம் இல்லை என்று ஆசிரியர் வெட்டிவிட்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். திருப்பிப் படுக்க வைத்தபோது முதுகைப் பார்த்தேன். தோள்பட்டையிலிருந்து இடுப்புவரை சிவப்பாக ஒரு பெரணி இலை படர்ந்திருந்தது. கிளை, கிளைக்குள் கிளை, அதற்குள்ளும் கிளை. மின்னல் தோலில் விட்டுப்போகிற கோலம் அது. சில மணி நேரத்தில் மறைந்துவிடும். அவர் வாழ்நாளில் அப்படி ஒரு படம் எடுத்ததில்லை. ஜன்னல் திரையை விலக்கி, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி பார்த்து எடுத்தேன். திரும்பினால் வாசலில் என் தங்கை நின்றுகொண்டிருந்தாள். அதில்தான் தவறு செய்தேன் என்று இப்போது தோன்றுகிறது. படம் எடுத்ததில் அல்ல, கதவைச் சாத்தாததில்.

அவள் அழவில்லை. "அண்ணா, அவர் முடி எழும்பி நின்னுச்சா?" என்றாள்.

"ஆமாம்மா."

"நீ பாத்தியா?"

"படமே எடுத்திருக்கேன்."

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. பதினோரு நாள் கழித்து ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு உங்களிடம் வந்திருக்கிறாள். சத்தியமாகச் சொல்கிறேன், அப்படி ஒரு நோட்டு இருப்பது எனக்குத் தெரியாது. பதினேழு வருடம், ஒவ்வொரு வாரமும், படத்தை விட்டுவிட்டு என் விளக்கத்தை மட்டும் கத்தரித்து ஒட்டியிருக்கிறாள். பென்சிலால் அடிக்கோடு வேறு. நீங்கள் அதை மேஜைமேல் போட்டபோது எனக்குக் கண் கலங்கியது. பயத்தில் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள்.

அவள் மடித்து வைத்திருந்த பக்கம் மூன்று வருடத்துக்கு முந்தையது. எனக்கு மனப்பாடம். "திறந்த வெளியில் உங்கள் முடி தானாக எழும்பி நின்றால் அது வேடிக்கை அல்ல. தரையின் மின்னூட்டம் உங்கள் உடல் வழியே மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. நின்று படம் எடுக்காதீர்கள். உடனே தாழ்வான இடத்துக்கு ஓடுங்கள்." நாலே வரி. அச்சாகியிருந்தது யாருடைய படத்துக்குக் கீழே? மாப்பிள்ளையின் மின்னல் படத்துக்குக் கீழே. அவருடைய பெயருக்கு ஒரு விரல் தள்ளி.

என் தரப்பு அவ்வளவுதான், மேடம். நான் அவரைத் தள்ளிவிடவில்லை, கட்டிப்போடவில்லை. ஒரு பரீட்சை வைத்தேன் என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள். கேள்வித்தாளை மூன்று வருடம் முன்னாலேயே அவர் கையில் கொடுத்தாகிவிட்டது. தன் படத்துக்குக் கீழே இருப்பதை ஒரே ஒரு தடவை படித்திருந்தால் ஓடி வந்திருப்பார். நாலு வரியை நாற்பத்தொரு நொடியில் நாலைந்து தடவை படிக்கலாம். நான் வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறக்காததற்குச் சட்டத்தில் என்ன பிரிவு இருக்கிறது?

இப்படித்தான் சொல்லி முடிக்க நினைத்திருந்தேன். இந்த நாற்காலியில் உட்காரும்போதுகூட இது முழு உண்மை என்றுதான் எனக்குள் இருந்தது. நீங்கள் அந்த ஆறாவது படத்தைப் பெரிதாக்கி என் பக்கம் திருப்பாமல் இருந்திருந்தால், கையெழுத்தும் போட்டிருப்பேன்.

ஆமாம். அதில் அவர் சிரிக்கவில்லை. வாய் திறந்திருக்கிறது, கண் என்னைப் பார்க்கிறது. ஏதோ கேட்கிறார் என்று நீங்கள் சொல்வது சரி. ஒரு கால் கீழிறங்கும் பக்கம் வைத்திருக்கிறார், அதையும் கவனித்துவிட்டீர்கள். உங்களை மாதிரி ஒருவர் என் பக்கத்தைப் படித்திருந்தால்.

"மச்சான், இது ஏன் இப்படி நிக்குது?" என்று கேட்டார். விளையாட்டாக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டார். பதினேழு வருடத்தில் எத்தனையோ ஊர் சுற்றினோம், எத்தனையோ வானம் பார்த்தோம். ஒரு தடவைகூட அவர் என்னிடம் எதற்கும் ஏன் என்று கேட்டதில்லை. அந்த ஒரு நொடி எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை.

"காத்துதான் மாப்பிள்ளை" என்றேன். "ஆடாம அப்படியே நில்லுங்க, இன்னொண்ணு எடுத்துக்கறேன்."

வைத்த காலைத் திரும்ப எடுத்துக்கொண்டு, நிமிர்ந்து நின்றார்.

நிலையத்துப் பதிவேட்டில் அன்றைய மூன்றரை மணிக் கட்டத்தைப் பாருங்கள். என் கையெழுத்துதான், மறுநாள் கருவியைப் பார்த்து நானே நிரப்பினேன். பொய் எழுத மனசு வரவில்லை. காற்றின் வேகம், பூஜ்யம்.