கல்யாணமே இல்லாத பந்தி

செங்கல்பட்டிலிருந்து கல்பாக்கம் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பேர். ஜன்னலோரத்து ஆள் கூட்டாளிகளோடு வேனில் டெல்லி வரை போய்த் திரும்பியவன்.

"கல்யாணமே இல்லாம முப்பது பேருக்குப் பந்தி போட்டோம் மச்சான்!"

"இன்னாடா சொல்ற?"

"டென்ட்டு ஏது நம்மகிட்ட? எங்க கடையில கீற கல்யாணப் பந்தல் துணியத்தான் எடுத்துகினு போனோம். நாக்பூர் தாண்டி ரோட்டோரமா கட்டிப் படுத்தோம். காலைல முழிச்சா, ஊரே சாப்பாட்டுக்குக் குந்திகினு கீது."

"கல்யாணம் இல்லன்னு சொல்ல வேண்டிதான?"

"பந்தலுக்கு வந்தவங்கள எழுப்பி அனுப்ப முடியுமா? இருந்த ரவை மொத்தத்தையும் கொட்டி உப்புமா கிண்டிட்டோம்."

"அப்ப டெல்லி வரைக்கும் நீங்க இன்னாத்த துன்னீங்க?"

"வூட்டுக்கு வூடு ரொட்டி கட்டிக் குடுத்தாங்க. மாப்பிள்ளை வூட்டுக்காரங்கள பட்டினியா அனுப்புவாங்களா?"